முகப் பொலிவுக்கு முதற் சிகிச்சை

அழகாய்த் தோன்ற வேண்டுமென்னும் விருப்பம் மக்களுக்கு இயற்கையாய் அமைந்தது. அதனைச் சிறுமையென்று இகழ்ந்து ஒதுக்குதல் பொருந்தாது. நெல்வயல்களின் நடுவே வாழ்ந்த நம் முன்னோர் மஞ்சளும் பயற்றமாவும் கொண்டு மேனியைப் பேணினர். கடல் கடந்து சென்றோர் அத்தரும் பன்னீரும் கொண்டுவந்தனர். அக்காலத்துப் பூச்சுக்களிற் பெரும்பாலன தோலின்மேல் தங்கி, நீர் பட்டவுடன் அகல்வன. இக்காலத்தில் விலைக்குக் கிடைப்பனவோ தோலை உரிப்பனவும், ஒளியாற் சுடுவனவும், ஊசியால் துளைப்பனவும், குருதியிற் கலப்பனவுமாக உள்ளன. இவற்றிற் கத்தி எடுக்கப்படாமையால் இவை யாவும் எளியவை என்று கருதுவோர் பலர். கத்தியில்லாமை வேறு, கேடில்லாமை வேறு. இவ்வேறுபாட்டை விளக்கி, முதன்முறையாக முகச் சிகிச்சை நாடும் ஒருவர் எதனை, எந்த முறையில் தேர்ந்துகொள்ள வேண்டுமென்று கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருவாரூரிலிருந்து மன்னார்குடிக்குச் செல்லும் சாலையில் உள்ள கூத்தாநல்லூரை நம்முட் பலர் அறிவர். காவிரி பாயும் நெல் நாட்டில் அமைந்திருந்தும், அவ்வூர் வயலைப் போலவே கடலையும் நம்பி வளர்ந்தது. மலேயா, சிங்கப்பூர், பின்னர் அரபு நாடுகள் என்று அவ்வூரார் பொருள் தேடச் சென்று மீள்வது நெடுநாள் வழக்கம். அத்தகைய ஊர்களில், அயல்நாட்டிலிருப்போர் விடுமுறையில் வந்து சேரும் சில வாரங்களுக்குள்ளேயே திருமணத்தையும் முடித்துவிட வேண்டிய நெருக்கடி பல குடும்பங்களுக்கு உண்டு. மணமக்களின் முகம் ஒரு மாதத்திற்குள் தெளிவு பெற வேண்டுமென்று வீட்டார் அவசரப்படுவர். பெட்டியில் வந்த பெயரறியாக் களிம்பு ஒருபுறம் இருக்கும்; தஞ்சையிலோ திருச்சியிலோ உள்ள நிலையத்தின் விளம்பரம் மற்றொருபுறம் அழைக்கும்; உறவினரின் யோசனைக்கோ அளவேயில்லை. நம் கல்லூரி மாணவர் விடுதியிலும் இதே வினா வேறு வடிவில் எழுகின்றது. ஆகவே இஃது ஓரூரின் செய்தியன்று. நம் எல்லோரையும் பற்றியதே.

விடையை முதலிலேயே கூறிவிடுவாம். குறை இன்னதென்று தேர்ந்த மருத்துவரிடம் அறிந்துகொள்ளுதல் முதற்படி. வெயிலைத் தடுத்தல் இரண்டாம் படி. வேண்டுமாயின், மிக மெதுவாக வேலை செய்வதும், தீங்கு காணின் உடனே நிறுத்தக்கூடியதுமான ஒன்றைக் கைக்கொள்ளுதல் மூன்றாம் படி. இவ்வரிசை ஏன் மாறலாகாது என்பதைத் தோலின் இயல்பை அறிந்தார் எளிதில் உணர்வர்.

தோலின் இயல்பு

நம் தோலின் புறப்படலத்தின் அடியில் நிறமணுக்கள் உள்ளன. அவை மெலனின் என்னும் கருநிறப் பொருளை ஆக்கி, அண்டையிலுள்ள தோலணுக்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. வெள்ளையர்க்கும் நமக்கும் ஆப்பிரிக்கர்க்கும் இந்நிறமணுக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. அவை ஆக்கும் மெலனினின் அளவும் தன்மையுமே வேறுபடுகின்றன. மெலனின் சூரியனின் புறவூதாக் கதிரைத் தாங்கும் குடைபோல் நிற்கின்றது. தோற்புற்று நம்மவர்க்கு அருகியே தோன்றுவதற்கும், முகத்திற் சுருக்கம் காலந்தாழ்த்து விழுவதற்கும் இக்குடையே பெரிதும் காரணம். நிறத்தைக் குறையென்று எண்ணுவோர் இந்த நன்மையை மறந்துவிடுகின்றனர்.

அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975-ஆம் ஆண்டில் தோலை வெயிலுக்கு அது படும் பாட்டைக் கொண்டு வகைப்படுத்தும் முறையொன்றைத் தொடங்கினார். இன்று வழங்கும் அதன் ஆறு வகைகளுள், எளிதில் வெந்து சிவந்து சற்றும் கருக்காத தோல் முதல் வகை. ஒருபோதும் வேகாத கருந்தோல் ஆறாம் வகை. தமிழ்நாட்டாரிற் பெரும்பாலோர் நான்காம், ஐந்தாம் வகைகளில் அடங்குவர். சிகிச்சை நிலையத்திற் பயன்படும் கருவிகளிலும் அமிலங்களிலும் பல முதன்முதலில் வெண்ணிறத் தோலினர்மீது சோதித்து அளவு குறிக்கப்பட்டவை. அவ்வளவை நமக்கு அப்படியே கொள்ளுதல் ஆபத்து.

ஏனெனின், நம் தோலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. சூடோ, புண்ணோ, கீறலோ, எரிச்சலோ பட்டால், ஆறிய பின்னர் அவ்விடம் கருத்துப் பல மாதங்கள் நிற்கும். பரு போன பின்பும் அதன் கரும்புள்ளி போகாமலிருப்பதை யாவரும் கண்டிருப்பர். கருமையைப் போக்கவென்று செய்யும் சிகிச்சையே அளவு மிஞ்சினால் முன்னினும் மிகுந்த கருமையைத் தரும். 'விரைவில் வெண்மை' என்னும் வாக்குறுதி நம் தோலின் இயற்கைக்கே மாறானது. மெதுவாகச் செய்வதே நமக்கு உரிய முறை.

குறைக்குப் பெயர் வேண்டும்

'முகம் சரியில்லை' என்பது ஒரு நோயின் பெயரன்று. கண்ணாடியில் ஒன்றுபோல் தோன்றும் கருமைகள் காரணத்தால் பலவாம். இரு கன்னத்திலும் மூக்கின் மேலும் படரும் மங்கு, வெயிலாலும் உடற்சுரப்புக்களின் மாறுதலாலும் கருப்பக் காலத்தினாலும் தோன்றுவது. பரு, எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய் அடைபட்டு அழற்சி கொள்ளுதலால் வருவது. பரு ஓய்ந்தபின் எஞ்சும் கறை ஒருவகை. குழிந்த தழும்பு மற்றொரு வகை. கறைக்கு உதவும் பூச்சு குழிக்கு உதவாது. தேமலும் படர்தாமரையும் காளான் இனத்துக் கிருமிகளால் உண்டாவன. அவற்றிற்குக் கிருமியை ஒழிக்கும் மருந்து வேண்டுமேயன்றி அழகுச் சிகிச்சை வேண்டுவதில்லை.

இன்னும் சில குறைகள் உடலின் உட்செய்தியை வெளியே சொல்லும் தூதுவர் போன்றவை. பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட்டுத் துணி போலத் தடித்துக் கருக்கும் கருமை அழுக்கன்று. பலருக்கு அது, இன்சுலின் தன் வேலையைச் செம்மையாய்ச் செய்ய இயலாமல் திணறுவதன் அடையாளம். நீரிழிவு பின்னே வருகின்றதென்று கூறும் எச்சரிக்கை. அதனைத் தேங்காய் நாரால் தேய்த்துப் புண்ணாக்குவோர் உளர். அவர்க்கு வேண்டுவது குருதியிற் சர்க்கரைச் சோதனையும், உணவு முறையும், நடையும் ஆம். இளம்பெண்களுக்கு மோவாயில் மயிர் அடர்ந்து, மாதவிலக்கும் தவறி வருமாயின், லேசரை நாடுமுன் சினைப்பையின் நிலையையும் சுரப்புக்களையும் சோதித்தல் வேண்டும். வெளிறிய படையொன்று தொட்டுணர்ச்சி குன்றியிருப்பின், அது தொழுநோயாகவும் இருக்கலாம். தொடக்கத்திலேயே காணின் முற்றும் குணமாகும், அரசு மருத்துவமனைகளில் அதற்கு மருந்து இலவசம். இவற்றை அறியாமல் மேலே அமிலத்தைப் பூசினால் பணம் வீணாவதோடு நோயும் மறைந்து வளரும்.

ஆதலின், முதன்முதற் செலவிட வேண்டிய தொகை தோல் மருத்துவரைக் காண்பதற்கே. திருவாரூரில் 2010-ஆம் ஆண்டில் அரசு மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. தஞ்சையில் அதற்கு நெடுங்காலம் முன்னரே மருத்துவக் கல்லூரி உண்டு. கூத்தாநல்லூர் போன்ற ஊரார்க்கு இவை எட்டாத தொலைவில் இல்லை. அரசு மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் அரைநாள் காத்திருக்க நேர்ந்தாலும், அந்த அரைநாள் பின்னர் வரும் பல மாதத் துன்பத்தைத் தடுக்கும்.

பெயரில்லாக் களிம்பின் கதை

நம் அண்டை நாடாகிய கேரளத்தின் மலப்புரம் மாவட்டமும் கூத்தாநல்லூரைப் போலவே அரபு நாடுகளோடு நெருங்கிய தொடர்புடையது. அங்குக் கோட்டக்கல்லில் உள்ள ஒரு மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை வந்த நோயாளரிடம் ஒரு புதுமையைக் கண்டனர். சிறுநீரகத்தின் வடிகட்டியைப் பழுதாக்கி, குருதியிலுள்ள புரதத்தைச் சிறுநீர் வழியே கசியவிடும் நோயுடையோர் 22 பேர். அவருள் 15 பேரிடம் அந்நோயின் அரிய வகையொன்று காணப்பட்டது. ஆராய்ந்தபோது, அப்பதினைவருள் 13 பேர் தோலை வெளுக்கச் செய்யும் களிம்பைப் பூசி வந்தவர் என்பது புலனாயிற்று. கால் வீங்குதலும் சிறுநீர் நுரைத்தலும் இந்நோயின் அறிகுறிகள். களிம்பை நிறுத்திய பின்னர்ப் பெரும்பாலோர் நலமடைந்தனர் என்பது ஆறுதலான செய்தி. இவ்வாராய்ச்சி 2024-ஆம் ஆண்டில் சிறுநீரக இயலுக்குரிய சர்வதேசப் பத்திரிகையில் வெளிவந்தது.

களிம்புக்கும் சிறுநீரகத்திற்கும் என்ன தொடர்பு எனின், பாதரசமே அது. பாதரச உப்புக்கள் மெலனின் ஆவதைத் தடுக்கும். அதனால் முகம் சின்னாளில் வெளுக்கும். ஆனால் அப்பாதரசம் தோல் வழியே உள்ளே புகுந்து சிறுநீரகத்தையும் நரம்பையும் தாக்கும். பூசியவர் கைபட்ட துணி, தலையணை முதலியவற்றின் வழியே அது வீட்டுக் குழந்தைகளையும் சேரும். கருவுற்ற பெண் பூசினால் வயிற்றுக் குழந்தைக்கும் கேடு. ஜப்பானிய நகரமொன்றின் பெயரால் வழங்கும் மினமாட்டா உடன்படிக்கை 2013-இல் ஏற்பட்டு 2017-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதனை 2018-இல் உறுதிசெய்தது. ஒரு கோடிக்குப் பத்துப் பங்குக்கு, அஃதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு, மேற்பட்ட பாதரசமுள்ள அழகுப் பொருள்களை 2020-உடன் நிறுத்த வேண்டுமென்று அவ்வுடன்படிக்கை விதித்தது. எனினும் களவாய் விற்கப்படும் டப்பிகள் விதியை அறிவதில்லை.

அத்தகைய களிம்பை எவ்வாறு இனங்காண்பது? செய்தவர் பெயர், முகவரி, சேர்பொருட்களின் பட்டியல், தொகுதி எண், உரிம எண் ஆகியவை இல்லாத டப்பியைத் தொடாதிருத்தலே முதல் விதி. 'மெர்க்குரி', 'கலோமல்' என்னும் சொற்கள் காணப்படின் விலக்குக. பொன், வெள்ளி நகைகளில் படாமல் பூசுக என்று டப்பியின்மேல் எழுதியிருப்பின் அதுவும் பெரியதோர் அறிகுறி. பாதரசம் பொன்னோடு கலந்து நிறங்கெடுக்கும் என்பது நம் பொற்கொல்லர் யாவரும் அறிந்ததே. பொன்னுக்கு ஆகாததை முகத்திற்கு இடுதல் எங்ஙனம் தகும்?

பாதரசமில்லாத களிம்பெல்லாம் நல்லதென்று கொள்ளவும் வேண்டா. மருந்துக் கடையில் வெளிப்படையாய்க் கிடைக்கும் சில களிம்புகளில் வன்மையான ஸ்டீராய்டு உண்டு. அது முதலிரண்டு வாரங்களில் அழற்சியை அடக்கி முகத்தை வெளிறச் செய்யும்; கண்டோர் வியப்பர். மாதங்கள் செல்லச் செல்லத் தோல் மெலிந்து, குருதி நாளங்கள் சிவந்து தெரியும். பருவும் மயிரும் மிகும். வெயிலிற் சென்றால் எரியும். களிம்பை நிறுத்தினால் முகம் முன்னிலும் சிவந்து வீங்குதலால், அதனையே மீண்டும் நாடுவர். இவ்வாறு மருந்தே பிணியாகின்றது. இந்தியத் தோல் மருத்துவர்கள் பல ஊர்களிற் சேர்ந்து நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முகக் குறையோடு வந்த 2,926 பேருள் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டுக் களிம்பு பூசி வந்தவர் என்று கண்டனர். நூற்றுக்குப் பதினைந்து பேர் என்னலாம். 2018-இல் அரசு இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலிற் சேர்த்தது. 'தோழிக்கு நன்றாயிருந்தது' என்னும் சொல் மருத்துவர் சீட்டாகாது.

சிகிச்சைகளும் அவற்றின் தரமும்

இனிச் சிகிச்சைகளை எளியது முதலாக வரிசைப்படுத்திப் பார்ப்போம்.

முதலாவது சன்ஸ்கிரீன் என்னும் வெயில் தடுப்புப் பூச்சு. இதனை யாரும் சிகிச்சையென்று மதிப்பதில்லை. ஆயினும் ஏனைய யாவும் இதன்மேல் நிற்பன. குறிப்பெண் 30-க்குக் குறையாததாய், புறவூதாக் கதிரின் இருவகையையும் தடுப்பதாய் இருத்தல் வேண்டும். முகத்திற்கும் கழுத்திற்கும் இரு விரல்களின் நீளம் பிதுக்கிய அளவு தேவை. பலர் இதிற் கால்பங்கே பூசுகின்றனர். வெளியிற் செல்வோர் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை மீண்டும் பூசுதல் வேண்டும். கண்ணுக்குப் புலனாகும் ஒளியும் நம் தோலைக் கருக்கச் செய்யும் என்பது இந்நூற்றாண்டின் ஆராய்ச்சிகளால் தெளிந்தமையால், மங்குடையோர்க்கு இரும்பு ஆக்ஸைடு சேர்ந்த நிறப்பூச்சு மிகுந்த நன்மை தரும். குடையும், முக்காடும், அகன்ற தொப்பியும் இவற்றிற்குத் துணை. நடவு வயலில் தலையிலே துண்டு சுற்றி நிற்கும் பெண்கள் இவ்வுண்மையைப் பட்டறிவால் அறிந்தவரே.

இரண்டாவது மருத்துவர் குறித்துத் தரும் இரவுக் களிம்பு. பருவுக்கும் கறைக்கும் அடபலீன், டிரெட்டினாயின், அஸெலாயிக் அமிலம் முதலியன உதவுகின்றன. பயன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரமாகும். தொடக்கத்திற் சற்று எரிச்சலும் உரிதலும் உண்டு. கருவுற்றோரும் கருவுற விரும்புவோரும் டிரெட்டினாயின், அடபலீன் வகையை விலக்கல் வேண்டும். அஸெலாயிக் அமிலம் அவர்க்கும் ஏற்றது. முதன்முறை சிகிச்சை நாடுவோரிற் பெரும்பாலோர்க்கு இவ்விரண்டு படிகளே போதும். நிலையத்துப் படி ஏற வேண்டிய தேவையே நேராமற் போகலாம்.

மூன்றாவது 'கெமிக்கல் பீல்' என வழங்கும் அமிலப் பூச்சு. பவுல் கெர்சோன் உன்னா என்னும் ஜெர்மானியர் 1882-இலேயே இவ்வமிலங்கள் சிலவற்றின் செயலை விளக்கினார். கரும்பில் உள்ள கிளைகாலிக் அமிலமும், புளித்த பாலில் தோன்றும் லாக்டிக் அமிலமும் 1970-களிற் பின்னர் இவ்வகையிற் சேர்ந்தன. களை பறிப்பவன் பயிரின் வேரை அசைக்காது களையை மட்டும் நீக்குவதுபோல, மேலோட்டமான பீல் தோலின் இறந்த மேற்படலத்தை மட்டும் நீக்கும். பருவும் எண்ணெய்ப்பசையும் உடையோர்க்கு 20 முதல் 30 சதவீதம் வரையுள்ள சாலிசிலிக் அமிலம் ஏற்றது. கறையுடையோர்க்குக் குறைந்த வன்மையுள்ள கிளைகாலிக் அல்லது லாக்டிக் அமிலம். இரண்டு மூன்று வாரத்திற்கு ஒருமுறையாக நான்கு முதல் ஆறு முறை செய்வர். அதற்கு முன் சில வாரம் களிம்பாலும் சன்ஸ்கிரீனாலும் தோலைப் பதப்படுத்துதல் முறை. ஆழமாக உரிக்கும் ஃபீனால் வகை நம் தோலுக்குரியதன்று. அமிலப் புட்டியை விலைக்கு வாங்கி வீட்டில் தாமே பூசிக்கொள்ளுதல் பெருந்தவறு. இயற்கையென்று எலுமிச்சைச் சாற்றைத் தடவி வெயிலிற் செல்வதும் தோலை வேகவைத்துக் கருக்கும்.

நான்காவது லேசர். குறித்த அலைநீளமுள்ள ஒளியைக் குறித்த நேரம் செலுத்தினால், நிறமுள்ள இலக்கு மட்டும் சூடேறி அழியும் என்னும் கொள்கையை ஆண்டர்சன், பாரிஷ் என்னும் இரு அமெரிக்கர் 1983-இல் வெளியிட்டனர். மயிரை நீக்கும் லேசர் மயிரிலுள்ள மெலனினை நாடிச் செல்லும். நம் தோலிலும் மெலனின் மிகுதியாதலின், இலக்கு தவறித் தோலே வேகக்கூடும். 1,064 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் ஆழமாய்ச் சென்று தோலின் மெலனினைக் குறைவாகவே தாக்குதலால் நமக்குப் பொருத்தமானது. ஆறு முதல் எட்டு முறை வேண்டும். மயிர் குறையுமேயன்றி முற்றும் ஒழியாது. நரைத்த மயிருக்குப் பயனில்லை. 'என்றென்றைக்கும் நீக்கம்' என்று எழுதிய விளம்பரம் உண்மை கூறுவதன்று.

ஐந்தாவது நுண்ணூசிச் சிகிச்சை. குழிந்த பருத்தழும்புக்கு இது பயன் தருவது. ஆனால் குருதி படும் சிகிச்சையாதலின் தூய்மை இன்றியமையாதது. அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ மாகாணத்து உரிமமற்ற நிலையமொன்றில், குருதியைப் பிரித்தெடுத்து நுண்ணூசியால் முகத்திற் செலுத்தும் சிகிச்சை பெற்ற மூன்று பெண்கள் எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளாயினர் என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2024-இல் அறிவித்தது. ஒருவர்க்குப் பயன்பட்ட ஊசி மற்றொருவர்க்கு ஆகாது. ஊசியுறையைத் தம் கண்முன்னே பிரிக்கச் சொல்லுதல் மரியாதைக் குறைவன்று.

ஆறாவது ஊசி மருந்துகள். சுருக்கத்தைத் தளர்த்தும் போட்டுலினம் மூன்று நான்கு மாதமே நிற்கும்; இருபது வயதினர்க்கு அதற்கு வேலையில்லை. குழிவை நிரப்பும் ஃபில்லர், தவறிக் குருதி நாளத்துட் சென்றால் தோல் அழுகுதலும், அரிதாய்க் கண்பார்வை இழத்தலும் நேரும். முதற் சிகிச்சையாக இவற்றைத் தேர்தல் நீந்தக் கல்லாதவன் வெள்ளத்தில் இறங்குதலை ஒக்கும். மேனியை வெளுக்கச் செய்யுமென்று நாளத்தில் ஏற்றும் குளூட்டாதயோன் ஊசிக்கு அப்பயன் உறுதியாய் மெய்ப்பிக்கப்படவில்லை. பிலிப்பைன்ஸ் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011-லேயே அதனைப் பற்றி எச்சரித்தது. அதனை அறவே விலக்குக.

யாரிடம், எப்பொழுது

சிகிச்சையினும் செய்பவரே முக்கியம். வெள்ளையங்கி அணிந்தோரெல்லாம் மருத்துவரல்லர். தோல் இயலில் எம்.டி., டி.என்.பி., டி.டி.வி.எல். முதலிய பட்டம் பெற்று, மருத்துவக் கவுன்சிலிற் பதிவு செய்தவரா என்று கேட்க வேண்டும். பதிவு எண் அவரது சீட்டில் அச்சிட்டிருக்கும். அழகு நிலையத்திற் புருவம் திருத்துதலும் முகம் கழுவிப் பிடித்துவிடுதலும் அவர்கள் தொழில். அமிலமும் லேசரும் ஊசியும் அவர்கள் தொழிலல்ல.

முதன்முறை செல்வோர் இவ்வினாக்களை எழுதிக்கொண்டு போதல் நன்று. என் குறையின் பெயர் என்ன? ஒன்றும் செய்யாது விட்டால் என்னாகும்? இதனினும் எளிய முறை உண்டா? என் நிறத்தோல் உடையோர்க்கு இதனைச் செய்து பழக்கமுண்டா? காதின் பின்புறத்தில் சிறிய இடத்தில் முதலிற் சோதித்துப் பார்ப்பீர்களா? தீங்கு நேரின் யாரை, எந்த நேரத்திற் காண்பது? மொத்தம் எத்தனை முறை, என்ன செலவு? இவற்றிற்குப் பொறுமையாய் விடையளிப்பவரிடம் செல்க. 'இன்றே பணம் கட்டினால் பாதி விலை' என்பவரிடமிருந்து எழுந்து வருக. அங்ஙனமே, உண்ணும் மருந்துகளையும், பழைய களிம்புகளையும், புண் ஆறியபின் தழும்பு புடைத்தெழும் இயல்பு குடும்பத்தில் இருப்பின் அதனையும் மருத்துவரிடம் மறையாது கூறுதல் நம் கடமை.

திருமணத்தைக் கருதிச் செய்வோர் ஆறு மாதத்திற்கு முன்பே தொடங்குதல் வேண்டும். மூன்று மாதத்திற்குக் குறைந்தால் களிம்பும் சன்ஸ்கிரீனும் போதும். கடைசி மாதத்திற் புதிதாக எதனையும் முயலலாகாது. அயல்நாட்டிலிருந்து வருவோர் விடுமுறையை நாற்பது நாளென்று எண்ணலாம். தோல் அந்தக் கணக்கை ஏற்பதில்லை. அதன் மேற்படலம் புதிதாகவே ஒரு மாதத்திற்கு மேலாகின்றது.

நிறம் நோயன்று

இறுதியாக ஒன்று. மங்கும் பருவும் தழும்பும் மருத்துவத்திற்கு உரியவை. பிறவி நிறம் மருத்துவத்திற்கு உரியதன்று. எச்சிகிச்சையும் ஒருவரது பிறவி நிறத்தைத் தீங்கின்றி நிலையாக மாற்றவல்லதாய் இல்லை. வெயிற்படாத மேற்கையின் உட்புறத்து நிறமே ஒருவர் முகம் அடையக்கூடிய தெளிவின் எல்லை என்று கொள்ளலாம். அவ்வெல்லையைத் தாண்டித் தருவதாகக் கூறுவோர் பாதரசத்தையோ ஸ்டீராய்டையோ பொய்யையோ விற்கின்றனர்.

நம் நாட்டில் 1975-இல் விற்பனைக்கு வந்து பேர்பெற்ற முகக் களிம்பொன்று, வெண்மையைக் குறிக்கும் 'ஃபேர்' என்னும் சொல்லைத் தன் பெயரிலிருந்து 2020-இல் நீக்கிக்கொண்டது. அதற்கு முன்னரே, 2009-இல், சென்னையிலிருந்து 'விமன் ஆஃப் வொர்த்' என்னும் அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற இயக்கத்தைத் தொடங்கிக் கருநிறமும் அழகே என்று எடுத்துரைத்தது. கருநிறம் உடையாரைத் தாழ்த்திக் காட்டலாகாதென்று 2014-இல் விளம்பரத் தொழிலாரே தமக்கு விதி வகுத்துக்கொண்டனர். பெயரும் விதியும் மாறின. மணப்பேச்சில் 'பெண் நிறம் எப்படி' என்னும் வினா மட்டும் மாறவில்லை. பெயரில்லாக் களிம்பை வீட்டுக்குள் வரவழைப்பது கடைக்காரனினும் அவ்வினாவே. படித்த இளைஞரும் பெண்களும் தத்தம் வீட்டில் அவ்வினாவைக் கேளாதிருப்பரேல், பல சிறுநீரகங்கள் பிழைக்கும்.

ஆகவே, முதற் சிகிச்சை நாடும் நண்பர் ஒருவர் நம்மிடம் யோசனை கேட்டால், மருத்துவரைக் கண்டு குறையின் பெயரை அறிந்துவரச் சொல்வோம். வெயிலுக்குக் குடையும் சன்ஸ்கிரீனும் கொள்ளச் சொல்வோம். மூன்று மாதம் பொறுக்கச் சொல்வோம். அதன் பின்னும் குறை எஞ்சுமாயின், மேலோட்டமான அமிலப் பூச்சையோ வேறொன்றையோ அம்மருத்துவரே காட்டுவார். பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. அது முகத்திற்கும் பொருந்தும்.